பூட்டிய பம்புசெட்டும் பூட்டாத கம்ப்யூட்டரும்

பொள்ளாச்சியில் ஒரு டைப்பிங் கடை. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்காகத் தமிழில் ஒரு மனு தயாராகிறது. அதை பென் டிரைவில் வாங்கிக்கொண்டு தொழிலாளி பஸ் ஏறுகிறார். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கிய பிறகுதான், வீட்டு நம்பர் தவறாக இருப்பது தெரிகிறது. ஒரே ஒரு எண்ணைத் திருத்த வேண்டும். அங்குள்ள கடைக்காரர் தமது கம்ப்யூட்டரில் மனுவைத் திறக்கிறார். திரையில் தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துக்களும், கமாவும், அடைப்புக்குறியும் கலந்த ஏதோ ஒன்று தெரிகிறது.

"இந்த ஃபாண்ட் எங்களிடம் இல்லை" என்கிறார் கடைக்காரர். மனு முழுவதையும் புதிதாக டைப் செய்ய வேண்டும். அரை நாள் கூலியும் போயிற்று, காசும் போயிற்று.

எல்லைப் பகுதியில் இது பழகிப்போன காட்சி. கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. சட்டம் கொடுத்த அந்த உரிமை, ஒரு ஃபாண்ட் இல்லாத காரணத்தால் கடை வாசலில் தடுக்கி விழுகிறது என்றால், அந்தப் பூட்டைப் போட்டவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், கம்ப்யூட்டர் உலகில் 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வரும் ஒரு பெரிய வாதத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சீல் வைத்த பம்புசெட்

சித்தூர் தாலுகாவில் ஒரு விவசாயி பம்புசெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் அவருடையது, பணம் கட்டியவரும் அவர்தான். ஆனால் கம்பெனி அதைச் சீல் வைத்து விற்கிறது. பழுதானால் ஊர் மெக்கானிக் தொடக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்துக்கு இரவல் கொடுக்கக் கூடாது. இப்படிப்பட்ட பம்புசெட்டை எந்த விவசாயியாவது வாங்குவாரா?

கம்ப்யூட்டரில் பலரும் அப்படித்தான் வாங்கி வருகிறார்கள். கையால் தொடக்கூடிய யந்திரம் வன்பொருள். அதை நடத்தும் கட்டளைத் தொகுப்பு மென்பொருள். அந்தக் கட்டளைகளை மனிதர் படிக்கும் வடிவில் எழுதி வைத்திருப்பது மூல நிரல். மூல நிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பது ஒரு வழி. மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்து, "படித்துப் பாருங்கள், திருத்துங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்பது மற்றொரு வழி. இந்த இரண்டாவது வழிக்குத்தான் சுதந்திர மென்பொருள் என்றும், திறந்த மூல மென்பொருள் என்றும் பெயர்.

இந்த இயக்கத்துக்கு வித்திட்டது ஓர் அச்சு யந்திரம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் பணியாற்றிய சோதனைக்கூடத்துக்கு ஒரு புதிய பிரிண்டர் வந்தது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொண்டது. மூல நிரல் கிடைத்தால், காகிதம் சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும்படி செய்துவிடலாம் என்று ஸ்டால்மன் கேட்டார். மூல நிரல் மறுக்கப்பட்டது. இது 1980-ஐ ஒட்டிய காலம். 1983-இல் அவர் ஜி.என்.யூ. என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. இன்று உலகின் பெரும்பாலான சர்வர்கள் இதில்தான் ஓடுகின்றன. பலர் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான்.

கேரளம் எடுத்த முடிவு

இந்த வாதத்தில் ஒரு பக்கம் துணிந்து நின்ற மாநிலம் கேரளம். 2001 ஜூலையில் இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில்தான் ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் பள்ளிகளில் ஐ.டி. கல்வி புகுந்தது. ஆரம்பத்தில் விண்டோஸ்தான் பாடமாக இருந்தது. ஒரு தனியார் கம்பெனியின் சரக்கைப் பாடமாக வைக்கலாமா என்று ஆசிரியர் சங்கத்தினரும் சுதந்திர மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். படிப்படியாகப் பள்ளிகள் லினக்சுக்கு மாறின. எஸ்.எஸ்.எல்.சி. மாணவர் எழுதும் ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கிறது.

ஐ.டி. அட் ஸ்கூல் என்ற அந்தத் திட்டம் 2017-இல் "கைட்" என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளில் உள்ள 2 லட்சம் கம்ப்யூட்டர்களிலும் சுதந்திர மென்பொருளைப் போடுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019-இல் அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. ஒவ்வொரு யந்திரத்துக்கும் வேண்டிய எல்லா மென்பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்ற கணக்கு இது. கல்விக்கூடங்களுக்குக் கம்பெனிகள் சலுகை விலையில் தருவதுண்டு. ஆகவே உண்மையான மிச்சம் குறைவாகத்தான் இருக்கும் என்று வாதிக்க இடம் உண்டு. எப்படியிருந்தாலும், லைசென்ஸ் பணம் மிச்சம் என்பதை யாரும் மறுப்பதில்லை.

எஸ்டேட் பிள்ளைக்கு என்ன பயன்?

மூணாறிலும், தேவிகுளத்திலும், வண்டிப்பெரியாறிலும், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வரும் குழந்தை அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறது. கேரளப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. கம்ப்யூட்டரின் திரையும் தமிழில் இருக்கலாம் அல்லவா?

பூட்டிய மென்பொருளில் தமிழ் வேண்டுமானால், கம்பெனிக்கு லாபம் தெரிய வேண்டும். திறந்த மென்பொருளில் தமிழ் தெரிந்த நாலு பேர் மனது வைத்தால் போதும். 2000-ஆம் ஆண்டையொட்டி, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் மூலமே கூடி, லினக்சின் மெனுக்களைச் சம்பளமில்லாமல் தமிழாக்கத் தொடங்கினர். மலையாளத்துக்கு "சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்" என்ற குழு அதே தொண்டைச் செய்தது. இன்று லிப்ரே ஆபீஸ் போன்றவற்றைத் தமிழ் முகத்தோடு பயன்படுத்த முடிகிறது. மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். ஆனால் குறையைக் கண்ட ஆசிரியரே அதைத் திருத்தி அனுப்பலாம் என்பதுதான் இதன் சிறப்பு.

பள்ளியில் பழகிய அதே மென்பொருளை மாணவி வீட்டுக்கும் இலவசமாகக் கொண்டு போகலாம். நகல் எடுத்துக் கொடுத்தால் திருட்டு ஆகாது. தோட்டக் கூலியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆபீஸ் வேலைக்கு உதவுமா?

"அதெல்லாம் சரி. வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோர் பலர். இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பொள்ளாச்சியிலும் கோவையிலும் கணக்கு வேலைக்குப் போகும் இளைஞரிடம் டாலியும் எக்செலும் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். லினக்ஸ் தெரியுமா என்று கேட்பவர் குறைவு. சில பிரிண்டர்களும் ஸ்கேனர்களும் லினக்சில் ஓட மறுத்து, குமாஸ்தாவின் பொறுமையைச் சோதிப்பதும் உண்டு.

மறு தரப்பின் பதில் இது: பள்ளி கற்றுத் தர வேண்டியது கணக்குப் போடும் முறையையே தவிர, ஒரு கம்பெனியின் பட்டன் இருக்கும் இடத்தை அல்ல. ஒரு கூட்டல் அட்டவணையை லிப்ரே ஆபீசில் போடத் தெரிந்தவர், எக்செலில் சில நாட்களில் பழகிவிடுவார். டைப்ரைட்டிங் பரீட்சை பாஸ் செய்த குமாஸ்தாக்களுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. லினக்சில் தமிழ்99 விசைப்பலகையும், பழைய தட்டச்சு முறையும் இரண்டுமே கிடைக்கின்றன. கற்ற விரல் வித்தை வீணாவதில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த இழுபறி நடந்தது. எல்காட் நிறுவனம் 2006-ஐ ஒட்டி லினக்சுக்கு மாறி வழிகாட்டியது. 2011-இல் இலவச லேப்டாப் திட்டம் வந்தபோது விண்டோசா, லினக்சா என்ற சர்ச்சை எழுந்தது. சி-டாக் தயாரித்த பாஸ் லினக்சும் விண்டோசும் ஒரே லேப்டாப்பில் இடம் பெற்றன. மாணவர் கையில் இரண்டும் இருந்தால் தேர்ந்தெடுப்பது மாணவர் பொறுப்பு. ஒன்று மட்டுமே இருந்தால் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

யந்திரத்தின் ஆயுளும் இதில் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கம்ப்யூட்டர்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரம் காயலான் கடைக்குப் போக வேண்டியதா? அத்தகைய யந்திரத்தில் லினக்சைப் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

பெருவிரல் ரேகை யாருக்குச் சொந்தம்?

பணத்தையும் மொழியையும் விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. குமுளியிலோ வாளையாறிலோ வேலை செய்யும் தொழிலாளி அட்சயா மையத்துக்குப் போகிறார். 2002-இல் மலப்புரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய இம்மையங்கள் ஏழைகளுக்குப் பேருதவி என்பதில் சந்தேகமில்லை. அங்கே ஆதார் நம்பர், பாங்க் கணக்கு, போன் நம்பர், பெருவிரல் ரேகை எல்லாவற்றையும் ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்கிறார். அவை எங்கே போகின்றன? யார் வைத்திருக்கிறார்கள்?

2020 ஏப்ரலில் கேரளமே இந்தக் கேள்வியைக் கேட்டது. கொரோனா நோய் பற்றிய விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியுடன் மாநில அரசு செய்த ஒப்பந்தம் பெரும் சர்ச்சையானது. அவசர நிலையில் இத்தகைய வசதி தேவைப்பட்டது, விவரங்கள் இந்தியாவிலுள்ள சர்வர்களிலேயே பத்திரமாக இருக்கின்றன என்று அரசு வாதிட்டது. ஏப்ரல் 24-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கிய பிறகே கம்பெனிக்கு விவரங்களைத் தர வேண்டும். மக்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் திறந்ததாக இருந்தால் மட்டும் விவரங்கள் பத்திரமாகிவிடாது. திறந்த மென்பொருளை வைத்துக்கொண்டே விவரங்களைக் கசிய விடவும் முடியும். மூல நிரல் வெளிப்படையாக இருந்தால், அது என்ன செய்கிறது என்று விவரம் தெரிந்த வெளியார் சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவே. விவரங்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சட்டம்தான் காவல். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவையும் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன.

அதுவரை தொழிலாளி செய்யக்கூடியவை சில உண்டு. முதல் எட்டு எண்களை மறைத்த ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்கு நகல் கேட்கும் இடங்களில் இதைக் கொடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைத்து, வேண்டியபோது மட்டும் திறக்கும் வசதியும் அங்கே உண்டு. அந்நியர் கம்ப்யூட்டரில் ஏற்றிய சான்றிதழ்களை, வேலை முடிந்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மீண்டும் அந்த மனு

கொழிஞ்சாம்பாறைக் கடையில் திறக்க மறுத்த மனுவுக்கு வருவோம். பழைய ஃபாண்டுகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி செய்தது. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தது. அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோட் என்பது எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு. அதில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் ஒப்புக்கொண்ட எண்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. டைப்பிங் கடையில் "யூனிகோடில் அடித்துக் கொடுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அந்த மனு பொள்ளாச்சியிலும் திறக்கும், சித்தூரிலும் திறக்கும், திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்திலும் திறக்கும்.

எல்லையில் வாழ்பவருக்குச் சோதனைச் சாவடிகள் புதிதல்ல. கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சாவடியை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதுதான் கேள்வி. தமிழில் மனுக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. அந்த மனு கடை வாசலில் தடுக்கி விழாமல் ஆபீஸ் மேஜை வரை போய்ச் சேர்வது, அதை எழுதும் கைகளிலும் இருக்கிறது.