நடுக்குவாதமும் மெய்நிகர் பயிற்சியும்: பணம் கட்டும் முன்பு

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் மெய்நிகர் கருவியால் முற்றிலும் குணமாகும் என்ற பேச்சை நம்பி, நரம்பியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, கையில் ரசீதுகூட இல்லாமல் தவிப்பதை லால்குடி வட்டாரக் குடும்பங்கள் அறவே தவிர்க்க வேண்டும். மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வரும் இந்நோயை அக்கருவி குணமாக்காது. நடையைப் பழக்க மட்டுமே உதவும்.

டிரெட்மில்லில் நடப்பவரின் பாதமும் வழியிலுள்ள தடைகளும் எதிரேயுள்ள திரையில் தோன்ற, அவர் காலை உயர்த்தி அவற்றைத் தாண்டப் பழகுவது இம்முறை. நடுக்குவாதம் உள்ளவர்களையும் சேர்த்து 302 முதியோரிடம் நடந்து, 2016இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், வெறும் டிரெட்மில் பயிற்சி பெற்றவர்களைவிட இம்முறையில் பயின்றவர்கள் கீழே விழுவது குறைந்தது. ஆயினும் அதே ஆண்டில் 8 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை, அடியின் நீளம் ஓரளவு கூடுவதையும், மற்றபடி பலன் வழக்கமான பிசியோதெரபிக்கு ஏறத்தாழ நிகரானதே என்பதையும், சான்றுகள் வலுவற்றவை என்பதையும் சேர்த்தே சொன்னது.

நடுக்குவாதத்துக்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், விழாமல் தாங்கும் பட்டையோ அருகில் ஆளோ இருக்கும்போதுதான் பயிற்சி நடக்க வேண்டும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிபவர்களும், மூளையில் மின்தூண்டல் கருவி பொருத்தியவர்களும் மருத்துவரின் எழுத்துமூல அனுமதியின்றி, மெய்நிகர் காட்சிக்காகத் தலையில் மாட்டும் கருவியை அணியக் கூடாது.

அரசின் சலுகைகளைப் பெறவும் வழியுண்டு: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் நடுக்குவாதமும் ஒன்று என்பதைப் பலர் அறிவதில்லை. அறிந்து சொல்ல வேண்டிய அலுவலர்களும் வாய் திறப்பதில்லை. ஆதார், புகைப்படம், சிகிச்சை ஆவணங்கள் ஆகியவற்றுடன் மாற்றுத்திறன் சான்றுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, குறிக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். ஐயமிருந்தால் திருச்சி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். சான்று மறுக்கப்பட்டால் ‘அப்புறம் வாருங்கள்’ என்ற வாய்மொழியோடு திரும்பாமல், 58ஆவது பிரிவின்படி எழுத்தில் பதில் பெற்று, 59ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மெய்நிகர் பயிற்சிக்கு ரசீது இல்லாமல் பணம் கட்டக் கூடாது. பயிற்சி நிலையத்தின் பதிவுச் சான்றைப் பார்க்காமலும் கட்டக் கூடாது. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் முதலில் கேட்கப்படுவது ரசீதுதான்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இலவசமாக பிசியோதெரபி அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பார்க்காமல் கருவிக்காகக் கடன் வாங்கும் குடும்பத்துக்கு, நோயோடு வட்டியும் சேர்ந்துவிடும்.