கணக்கில் வராத செவிலியர்கள்

போர் என்றவுடன் துப்பாக்கி ஏந்திய ஆண்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களின் காயங்களுக்குக் கட்டுப்போட்ட பெண்களை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் ஹன்னா 2024-இல் வெளியிட்ட 'தி விமன்' என்னும் புதினம் அந்த மறதியைப் பற்றியது.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஃபிராங்கி மெக்ராத் என்ற இளம்பெண் அதன் நாயகி. அவளுடைய தந்தையின் அறைச் சுவரில் போருக்குச் சென்ற குடும்பத்து ஆண்களின் படங்கள் தொங்குகின்றன. அண்ணனைத் தொடர்ந்து அவளும் ராணுவச் செவிலியராக வியத்நாம் செல்கிறாள். ஹெலிகாப்டர்கள் கொண்டுவந்து இறக்கும் சிதைந்த உடல்களுக்கு நடுவே தொழில் கற்கிறாள். நாடு திரும்பி உதவி கேட்கும்போது, வியத்நாமில் பெண்களே இருக்கவில்லை என்ற பதில்தான் கிடைக்கிறது.

பாத்திரங்கள் கற்பனை, மறதி உண்மை. அங்கு பணியாற்றிய அமெரிக்க ராணுவப் பெண்கள் ஏறத்தாழ 11,000 பேர் என்பது ஒரு மதிப்பீடே. துல்லியமான எண்ணிக்கை இல்லை. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் செவிலியர்கள். வாஷிங்டன் நினைவுச்சுவரில் உள்ள 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களுள் எட்டுப் பெண்களின் பெயர்களும் உண்டு, எண்மரும் செவிலியர்களே. அவர்களுள் ஷரன் லேன், 1969 ஜூனில் சூ லாய் ராணுவ மருத்துவமனை மீது விழுந்த ராக்கெட்டுக்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது 25.

எண்ணப்படாத உழைப்புக்கு நிதி ஒதுக்கீடும் இராது என்பது பொருளியலின் எளிய பாடம். இல்லத்தரசியரின் உழைப்பு தேசிய வருமானத்தில் சேராததைப் போன்றதே இதுவும். 1980-களில் நடந்த அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்று, வியத்நாம் சென்ற ஆண்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும் பெண்களில் 27 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் போரின் மனவடு நோயால் துன்புற்றதாகக் கண்டறிந்தது. துப்பாக்கி ஏந்தாதவர்களையும் போர் ஏறக்குறைய அதே அளவில் காயப்படுத்தியிருக்கிறது.

நினைவுச்சுவரின் அருகே 1984-இல் நிறுவப்பட்ட சிலையில் மூன்று ஆண் வீரர்களே இருந்தனர். முன்னாள் ராணுவச் செவிலியர் டயான் கார்ல்சன் எவன்ஸ் ஏறத்தாழ பத்தாண்டுகள் போராடிய பிறகே, 1993 நவம்பர் 11 அன்று பெண்களுக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

புதினத்தில் குறையும் உண்டு. காதல் நிகழ்ச்சிகள் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றன; வியத்நாமியப் பெண்கள் பின்னணியிலேயே நின்றுவிடுகிறார்கள். மறக்கப்பட்டோரைப் பற்றிய நூலும் சிலரை மறந்துவிடுகிறது.

ஆயினும் அது உணர்த்தும் உண்மை பெரிது. சிலை வைப்பது பிற்காலத்து நன்றிக்கடன். பணியாற்றும்போதே பெயரைப் பதிவேட்டில் எழுதுவதுதான் அரசின் முதற்கடமை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர், உதவி கேட்டு நிற்கும் நாளில் தாம் இருந்ததையே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.