வீட்டு நூலுக்கு ஒரு தேசப்படம்

வீட்டில் ஒரு கணனியும் அதனருகே ஓர் அச்சுப்பொறியும் அமைந்துவிட்டால், ஒரு சிறு நூலைத் தாமே எழுதி, தாமே பக்கம் அமைத்து, அச்சிட்டு முடிக்கும் வசதி இன்று குடும்பத்தவர்க்கு வாய்த்துவிடுகிறது. கோயில் மலர், குடும்ப வரலாறு, அந்தியேட்டியன்று வழங்கும் கல்வெட்டு ஆகியன இவ்வாறு உருவாகின்றன. இவற்றில் எழுத்துக்குக் குறைவில்லை. ஆனால், கனடாவிலே பிறந்த பேரப்பிள்ளை 'எங்கள் ஊர் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால், விடை கூறவேண்டிய தேசப்படம் மட்டும் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும்.

காரணம் எளிது. திரையிலே தெளிவாகத் தோன்றும் படம் தாளிலும் அவ்வாறே தோன்றுமெனப் பலர் எண்ணுகின்றனர். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 600 புள்ளி அகலமுள்ள படம் தாளில் இரண்டே அங்குலம்தான் செவ்வையாக நிற்கும். ஏ4 தாளின் முழு அகலத்துக்கோ ஏறக்குறைய 2,480 புள்ளிகள் தேவை. சிறிய படத்தை இழுத்துப் பெருப்பித்தால் ஊர்ப்பெயர்கள் எறும்பு மொய்த்தாற்போல் ஆகிவிடும்.

ஆகவே, புள்ளிகளாலன்றிக் கோடுகளால் ஆன படத்தைத் தேடுவதே உத்தமம். எஸ்.வி.ஜி. என்னும் வடிவம் அத்தகையது; எத்துணை பெருப்பித்தாலும் மங்காது. இன்னொரு நயமும் உண்டு. இங்ஸ்கேப் என்னும் இலவச மென்பொருளில் அதனைத் திறந்து, ஆங்கிலப் பெயர்களை நீக்கித் தமிழ்ப் பெயர்களை இடலாம்.

எங்கே பெறுவது? கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை குடும்பம் பரந்த வழியைக் காட்டுவதற்கு, 2009இல் வெளியான நேச்சுரல் ஏர்த் போதும். அது எவர்க்கும் பொதுவுடைமை. அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊரைக் காட்டுவதற்கு மட்டும் அது உதவாது. அதன் மிக விரிவான படமே ஒரு கோடிக்கு ஒன்று என்ற அளவினது. அவ்வளவில் நம் தீவு முழுவதும் நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல்!

ஊருக்கு ஏற்றது, 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ரீற் மப். உலகெங்குமுள்ள தொண்டர்கள் வரைந்து வருவது அது. விற்பனை நூலிலும் சேர்க்கலாம்; படத்தின் கீழ் அவர்கள் பெயரைக் குறிப்பிடுவதே நிபந்தனை. நமது நில அளவைத் திணைக்களம் 1800இலே தோன்றியது. அதன் படங்கள் நேர்த்தியானவையே எனினும், அவற்றை நூலில் வெளியிட முன்னதாக அனுமதி பெறவேண்டும். பழமையை விரும்புவோர், பால்தேயுஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலின் யாழ்ப்பாணப் படத்தைத் தேடலாம். நெடுந்தீவை டெல்வ்ற் என்று ஒல்லாந்தர் அழைத்த காலம் அது. அதன் பதிப்புரிமை எப்போதோ ஒழிந்தது. ஆயினும், பிரதியை வைத்திருக்கும் நூலகத்தின் நிபந்தனையைப் படித்துக்கொள்வது நன்று.

பாமினி எழுத்துருவிற் பழகிய அன்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஓப்பன் ஸ்ரீற் மப்பில் உள்ள தமிழ்ப் பெயர்கள் ஒருங்குறியில் அமைந்தவை. பாமினியில் ஒட்டினால் அவை தமிழாக வாரா.

இனி, அருமையான வேலை எஞ்சியிருக்கிறது. எந்தப் படத்திலும் இல்லாத குறிச்சிகளும் ஒழுங்கைகளும் தூர்ந்த கேணிகளும் வீட்டிலுள்ள முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. முதலில் ஒரு பிரதி மாத்திரம் அச்சிட்டு, ஒரு பென்சிலோடு அவர்கள் கையிற் கொடுங்கள். அவர்கள் குறித்துத் தருவனவற்றைச் சேர்த்த பின்னரே மிகுதிப் பிரதிகளை அச்சிடலாம்.