பிறழவுணர்தலும் நகையும்

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். இவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இருகூறாக்கியமை ஊன்றி நோக்கத்தக்கது. தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. இக்காலத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களை மதிப்பிடுவார்க்கும் இப்பகுப்பு நல்லதோர் அளவுகோலாம்.

இத்தொடர்களின் உயிர்நிலை பிறழவுணர்தலே. ஒருவர் கூறியதை மற்றவர் வேறாகக் கொள்வர். இருபக்க உண்மையும் பார்ப்போர்க்கு மட்டுமே தெரியும். அரை மணியில் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்னும் உறுதியினாலேயே அவர்தம் சங்கடம் நமக்கு நகையாகின்றது. 1977இல் பிரித்தானியாவில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னுந் தொடரிலே பன்னாட்டவர் ஓர் இரவு வகுப்பிற் கூடி ஆங்கிலங் கற்பர். அவர்தம் சொற்பிழைகளே அங்கு நகைப்பொருள். ஆங்கிலம் அளவையாக நிற்க, ஏனையோர் மட்டுமே தடுமாறுவர். ஆதலின் அது பெரும்பாலும் பேராசிரியர் கூறிய முதல்வகையின்பாற் படும்.

இலங்கைத் தமிழரோ, 1982இல் ரூபவாகினி தொடங்குமுன்னரே வானொலியில் இரண்டாம் வகையைக் கேட்டு மகிழ்ந்தனர். எஸ். ராமதாசின் 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நாடகத்தில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்னும் நால்வரும் நால்வகைத் தமிழ் பேசினர். முஸ்லிம்களின் பேச்சும், யாழ்ப்பாணத்தார் பேச்சும், சிங்களவர் பேசுந் தமிழும், ஐயர் தமிழும் ஒன்றோடொன்று மோதின. எவர் தமிழும் அளவையன்று. ஆகவே எல்லோரும் எள்ளினர், எல்லோரும் எள்ளப்பட்டனர். ராமதாசே மரிக்காராகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசியமை தனிச்சுவை. இது 1976இல் 'கோமாளிகள்' என்னுந் திரைப்படமும் ஆயிற்று.

ஆயினும் அந்நால்வருள் மலையகத் தோட்டத் தமிழ் பேசுவார் ஒருவரும் இலர். இது பெருங்குறை என்பதே எம் கருத்து. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களின் பேச்சிலோ பிறழவுணர்தற்கு இடம் மிகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்த ஆசிரியர், அம்மா எங்கே என்று ஒரு சிறுவனை வினவுகின்றார் எனக் கொள்வோம். "மலைக்குப் போயிருக்காங்க, சார். நேத்து அரைப்பேருதான் போட்டாங்க" என்கின்றான் அவன். தேயிலை நிரைகளை 'மலை' என்பதும், ஒரு நாள் வேலைப் பதிவைப் 'பேர்' என்பதும் அறியாத ஆசிரியர், மலையேறிய தாயையும் பாதியாகிய மனிதரையும் எண்ணித் திகைப்பர். பின்னர் அவர் "சரி, வெளிக்கிடுவம்" என்றால், புறப்படுதலைக் குறித்த அச்சொல்லை வேறு 'வெளிக்கு'ப் போதலாகக் கொண்டு சிறுவன் வாய்பொத்திச் சிரிப்பான். இருவர்க்கும் நட்டமில்லை; கணக்குச் சரியாயிற்று.

தோட்டத்தில் எல்லாப் பிறழவுணர்தலும் இவ்வாறு சமனாக நிகழவில்லை. வெள்ளைத் துரைமார்க்குத் தமிழ் கற்பிக்க 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கைந்நூலொன்றின் பெயரே 'இங்கே வா' என்பதாம். ஏவலே முதற்பாடம்! அத்தமிழைக் கேட்டோர்க்கு நகை தோன்றியிருப்பினும் பெரட்டுக் களத்திலே வெளிப்படச் சிரித்தல் எளிதன்று. லயத்துக்குத் திரும்பிய பின்னரே அந்நகை வாய்திறந்திருக்கும்.

பெயர் எழுதுதலிலும் அப்படியே. நாடகத்தில் ஆள்மாறாட்டம் இறுதிக் காட்சியில் தெளிவாகும். தோட்டத்து மகள் ஒருத்தியின் பெயர் பிறப்புப் பதிவில் ஒருவாறும், செக்குரோலில் வேறொருவாறும் எழுதப்பட்டால், சேமலாப நிதி கோரும் முதுமையில் தானே தான் என அவள் மெய்ப்பிக்கவேண்டி வரும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி, பாட்டன்வழிப் பிறப்புக்குச் சான்று கேட்ட காலத்தில், இத்தகைய எழுத்துப்பிழை நகைக்கத்தக்கதாய் இருந்திருக்க இயலாது. அம்முடிச்சு அவிழ அரை மணியன்று, பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.