சேர்வராயன் மலையில் ஆறுகளின் நிலவுருவாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் தோன்றும் ஓடைகளும் ஆறுகளும் உச்சி, சரிவு, அடிவாரம் ஆகிய இடங்களில் வெவ்வேறு வகையில் நிலத்தை மாற்றுகின்றன. இவை ஒரே செயலின் மூன்று நிலைகள் என்பதையும், உச்சியில் நிகழும் நிலமாற்றத்தின் விளைவு அடிவாரத்து ஏரிகளையும் ஆறுகளையும் சென்றடையும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சேர்வராயன் மலை, ஏற்காடு, அரிப்பு, படிவு, பாக்சைட், திருமணிமுத்தாறு.

முன்னுரை

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். நீர் தனக்குரிய வழியைத் தானே அமைத்துக்கொள்கின்றது என்னும் நிலவியல் உண்மைக்கு இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. ஆறு நிலத்தின்மீது ஆற்றும் பணி அரித்தல், கடத்தல், படிவித்தல் என மூவகைப்படும். இவற்றைக் குறுகிய தொலைவுக்குள் காண்பதற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலை தக்க சான்றாகும். அதன் உச்சி 1,600 மீட்டருக்கு மேற்பட்டது. அடிவாரத்துச் சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது.

உச்சி: அரிப்பு எட்டாத நிலம்

இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. இதன் உச்சி கூர்முகடாக இல்லாமல், மேடும் தாழ்வுமான பீடபூமியாக அமைந்துள்ளது. ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பைச் சுற்றியுள்ள பகுதியும் இப்பீடபூமியைச் சேர்ந்ததே. அதற்கு அணித்தேயுள்ள ஏரி, மேட்டு நிலத்துத் தாழ்வில் நீர் தங்கி நிற்பதைக் காட்டுகின்றது.

உயர்ந்த சமதளங்களில் பாக்சைட் படிவு காணப்படுவது கருதத்தக்கது. மழைநீர் பாறையினுள் நெடுங்காலம் ஊடுருவிச் சிலிக்காவைக் கரைத்து நீக்க, அலுமினியச் சேர்மங்கள் எஞ்சுவதால் பாக்சைட் உருவாகின்றது. நீர் விரைந்தோடி மண்ணை வாரிச் செல்லும் சரிவில் இது நிகழாது. எனவே, ஆற்றரிப்பு இன்னும் முழுமையாக எட்டாத பழைய நிலப்பரப்பின் எச்சமாக இவ்வுச்சியைக் கொள்ளலாம்.

சரிவு: பின்னோக்கி நகரும் அரிப்பு

பீடபூமியின் விளிம்பில் ஓடையின் இயல்பு மாறுகின்றது. நீரின் அரிக்கும் ஆற்றல் அதன் அளவையும் சரிவையும் பொறுத்தது. மேலே மெல்ல ஊர்ந்த நீர் விளிம்பில் அருவியாகின்றது. ஏற்காடு ஏரியின் உபரிநீரையும் பெறும் கிளியூர் அருவி ஏறத்தாழ 300 அடி வீழ்கின்றது. சேலத்திலிருந்து செல்லும் மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் உயரத்தை நீர் சில வீழ்ச்சிகளில் கடந்துவிடுகின்றது.

வீழும் நீர் பாறையின் வெடிப்புகளை அகலப்படுத்தி அடியைக் குடைகின்றது. தாங்குதல் இழந்த மேற்பாறை உடைந்து விழுகின்றது. இவ்வாறு அருவியின் விளிம்பு காலப்போக்கில் பின்வாங்குகின்றது. பள்ளத்தாக்கும் உச்சியை நோக்கி நீள்கின்றது. பீடபூமி பல திசைகளிலிருந்தும் இவ்வாறே தேய்கின்றது. வடபுறத்து வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதி வழியாகத் தென்பெண்ணையைச் சேர்கின்றது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் காவிரியைச் சேர்கின்றன. இரு பெரும் ஆற்றுப்படுகைகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பிரிமேடாக இம்மலை விளங்குவது இதனால் புலனாகும்.

அடிவாரம்: படிவும் வேளாண்மையும்

சரிவு குறைந்ததும் நீர் தன் சுமையை இறக்குகின்றது. பெருங்கற்கள் மலையடியிலும், மணல் அதனையடுத்தும், நுண்வண்டல் தொலைவிலும் படிகின்றன. குறிஞ்சியிலிருந்து பெயர்ந்த மண்ணே மருதத்தின் விளைநிலமாகின்றது. மலைநீரைத் தேக்கும் கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஏரிகள் நீரோடு வண்டலையும் பெறுகின்றன. அவ்வண்டல் மிகுந்தால் ஏரியின் கொள்ளளவு குறையும்.

மாந்தர் செயலின் விளைவு

சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். நிழல்மரங்களின் கீழ் வளரும் காப்பித் தோட்டத்தில் இலைச்சருகு மழைத்துளியின் தாக்கத்தைத் தணிக்கின்றது. மரங்களை நீக்கிய வெற்றுச் சரிவுக்கு அப்பாதுகாப்பு இல்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக உச்சியில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்டது. நீர் ஊடுருவி உருவாக்கிய மேற்படலம் அகழப்படும்போது, அங்கு நீர் ஊறும் தன்மையும் மாறுகின்றது. குலைந்த மண்ணை ஓடை எளிதில் கொண்டுசெல்கின்றது.

கீழே, சேலம் நகரைக் கடக்கும் திருமணிமுத்தாற்றில் நகரக் கழிவுநீர் கலப்பதால், அது சாக்கடையாகவே பலராலும் எண்ணப்படுகின்றது. எனினும், பெருமழையின்போது மலைச்சரிவின் நீரைச் சுமக்கும் ஆறாகவே அது செயல்படும். அதன் அகலத்தைக் குறைப்பது வெள்ளத்தைக் குறைப்பதாகாது. வெள்ளம் கரையேறும் இடத்தை மாற்றுவதாகவே முடியும்.

முடிவுரை

சேர்வராயன் மலையில் உச்சி எஞ்சிய நிலம். சரிவு குறையும் நிலம். அடிவாரம் வளரும் நிலம். இம்மூன்றையும் நீரோட்டம் இணைக்கின்றது. ஆகவே, ஏரியைத் தூர்வாருவதோ ஆற்றைத் தூய்மை செய்வதோ மட்டும் நிலைத்த பயன் தராது. மலையின் மண்ணைக் காப்பதும் அப்பணியில் அடங்க வேண்டும். மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனும் காவிரியம்மனும் ஒருங்கே வழிபடப்படுகின்றனர். மலையையும் ஆற்றையும் பிரிக்காமல் காணும் அம்மரபு, நீர்வள மேலாண்மைத் திட்டமிடலுக்கும் ஏற்புடையதாகும்.