இழுக்கப்படாத கைபிடி

ஆகாய விமானத்தில் தீ என்றதும் நமது நெஞ்சம் துணுக்குறுகிறது. கப்பலில் தீப்பிடித்தால் கடலில் குதிக்கலாம். வீட்டில் பிடித்தால் வீதிக்கு ஓடலாம். அந்தரத்தில் எங்கே ஓடுவது? ஆயினும் ஓர் உண்மையை வாசகர் அறிந்திருத்தல் நன்று. எஞ்சினில் மூளும் தீயை அடக்குவதற்கான ஏற்பாடு விமானியின் கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. அது ஒரு சிறு கைபிடி. அதனை இழுத்தால் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் குழாயின் அடைப்பு மூடிக்கொள்ளும். உணவற்ற தீ அநேகமாக அவிந்துவிடும்.

அந்தக் கைபிடி இழுக்கப்படாத ஒரு நாளின் கதை இது.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆந் திகதி மாலை 4 மணி 27 நிமிடமளவில், இலண்டன் ஹீத்ரோ நிலையத்திலிருந்து பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 விமானமொன்று மேலெழுந்தது. சூரிச், சிங்கப்பூர் வழியாக அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைவது அதன் பயணம். விமானத்தில் இருந்தோர் 127 பேர். அவருள் 11 பேர் பணியாளர். தலைமை விமானி கப்டன் சார்ல்ஸ் டெய்லர். அவருடைய திறமையைச் சோதித்தறியும் வழமைக்கிணங்க, அன்று இன்னொரு கப்டனும் விமானியறையில் அமர்ந்திருந்தார்.

தரையை நீங்கி அரை நிமிடமும் ஆகவில்லை. பேரோசை ஒன்று கேட்டது. இடது சிறகிலே, உடலையடுத்திருந்த இரண்டாம் இலக்க எஞ்சினின் உட்சக்கரமொன்று உலோகக் களைப்பினால் உடைந்து சிதறிற்று. மனிதர் களைப்பது போல் உலோகமும் களைக்கும். ஆனால் அது வெளியே சொல்லாது. ஓயாது சுழன்று சுழன்று, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பொன்று உள்ளே வளர்ந்து, ஒருநாள் முறிந்துவிடும்.

எஞ்சின் பழுதடைந்தது என்று எண்ணிய விமானிகள் அதற்குரிய ஒழுங்குமுறையைத் தொடங்கினர். அப்பொழுது தீயென்று தெரியவந்தது. எஞ்சின் பழுதுக்கு ஒரு முறை, எஞ்சின் தீக்கு வேறொரு முறை என்று அக்காலத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. ஒன்றை நடுவில் விட்டு மற்றதற்குத் தாவிய அந்தக் குழப்பத்தில், இழுக்க வேண்டிய கைபிடி இழுக்கப்படாமலே போயிற்று. எரிபொருள் தடையின்றிப் பாய்ந்தது. பம்பிகளும் ஓய்வின்றி அதனைத் தள்ளிக்கொண்டிருந்தன.

சிறிது நேரத்தில் எரிந்துகொண்டிருந்த அந்த எஞ்சின் சிறகிலிருந்து கழன்று வீழ்ந்தது. சறே மாவட்டத்திலே, தோர்ப் என்னும் ஊரருகே, நீர் நிறைந்த சரளைக்கற் குழியொன்றில் அது விழுந்தது. எரியும் பொருள் போய்விட்டது, இனித் தீ அணையும் என்றே நாம் நினைப்போம். அணையவில்லை. எஞ்சின் இருந்த இடத்தில் வாய்பிளந்து நின்ற குழாய், சிறகிலேயே தீயை வளர்த்தது.

டெய்லர் விமானத்தை வளைத்துத் திருப்பினார். மேலெழுந்த பாதைக்கு மீண்டு வர நேரமில்லை. 05 வலது எனப்படும் குறுகிய ஓடுபாதையே அண்மையில் இருந்தது. இறங்குவோருக்கு வழிகாட்டும் கருவியும் அப்பாதைக்கு இல்லை. ஏற்றியிருந்த எரிபொருளின் பாரம் வேறு. எரியும் சிறகுடன், மூன்று எஞ்சின்களின் வலுவில், அவர் அதிலே செவ்வையாக இறக்கினார். ஏறியது முதல் இறங்கியது வரை நான்கு நிமிடமும் இல்லை. கைபிடியை மறந்த அதே விமானியறைதான் இத்தனை அரிய இறக்கத்தையும் செய்து முடித்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நீதியன்று என்பது என் கருத்து.

விமானம் நின்றதும் இடது சிறகின் எரிபொருட்டாங்கி வெடித்தது. முன் வாயில்களாலும் வலது சிறகின் மேலுள்ள வழிகளாலும் பயணிகள் வெளியேறினர். பின்புறத்தில் பணிபுரிந்தவர் பாபரா ஜேன் ஹரிசன் என்னும் 22 வயதுப் பணிப்பெண். பிராட்போர்ட் நகரிற் பிறந்தவர். அவரும் ஓர் ஆண் பணியாளரும் வாயிலைத் திறந்து வழுக்குப் பாதையை விரித்தனர். அது முறுகிக்கொண்டது. அதைச் சீர்செய்ய ஆண் பணியாளர் கீழே இறங்கினார். மீண்டும் ஏற அவரால் முடியவில்லை. மேலே ஹரிசன் தனித்தார்.

தயங்கியவரைத் தேற்றினார், தேறாதவரைத் தள்ளியும் விட்டார். தீ வழுக்குப் பாதையை விழுங்கிய பின்னரும் குதிக்கச் சொல்லிப் பலரை அனுப்பினார். ஒரு கணம் தாமும் குதிக்கப் போகிறவர்போல வாயிலில் நின்றதைக் கண்டவர் உளர். பின்பு உள்ளே திரும்பினார். பின்வரிசையிலே நடக்க இயலாத பயணியொருவர் இருந்தார். இருவருடைய உடல்களும் அருகருகே காணப்பட்டன.

அன்று மாண்டோர் ஐவர். அவருள் ஹரிசனும் ஒருவர். 122 பேர் உயிர் தப்பினர். 1969இல் அவருக்கு ஜோர்ஜ் சிலுவை என்னும் உயர் விருது அவர் மறைவின் பின் வழங்கப்பெற்றது. தலைமைப் பணியாளருக்கும் பிரித்தானியப் பேரரசுப் பதக்கம் கிடைத்தது.

விசாரணையாளர் கைபிடியைப் பற்றி ஒளிக்காது எழுதினர். வெறும் மறதி என்று ஒருவர்மீது பழியேற்றி விட்டுவிடவும் இல்லை. பழுதுக்கொன்று, தீக்கொன்று என்றிருந்த இரண்டு முறைகளையும் பி.ஓ.ஏ.சி. பின்னர் ஒன்றாக்கியது: எஞ்சினில் தீயோ, கடும் பழுதோ, எதுவாயினும் செய்ய வேண்டியவை ஒரே பட்டியலில் அமைந்தன.