மீனுக்கும் வேண்டும் நிழல்!

கோடை வந்தால் குளத்துப் பாசனக்காரர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது: "விடியற்காலையில் கெண்டையெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. யாராவது மருந்து கலந்துவிட்டார்களா?" பல நேரங்களில் காரணம் மருந்தல்ல, சூடு.

ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. இரவில் பாசியும் மட்கும் குப்பையும் அதையும் எடுத்துக்கொள்கின்றன. கெண்டை மீன்கள் நன்றாக வளர 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். விராலும் குரவையும் வெளிக்காற்றைச் சுவாசித்துத் தப்பிக்கும், கெண்டையால் முடியாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் கலக்கும் நொய்யலுக்கு இது கூடுதல் சோதனை. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கழிவை ஆற்றில் விடாத பட்டறைகள் மட்டுமே இயங்கலாம் என்ற நிலையை, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த மூடல் உத்தரவு உறுதியாக்கியது. சாயத்தைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. வெயிலைத் தடுக்க நிழலும் மடுவும்தான் வேண்டும்.

முன்பு ஆற்றில் ஆழமான மடு இருக்கும். கரையில் நீர்மருதும் புங்கனும் நாவலும் கவிந்து நிற்கும். அடியில் ஊற்று கசியும். கோடையில் மீன் அங்கே ஒதுங்கி, புதுத் தண்ணீர் வந்ததும் ஆறு முழுக்கப் பரவும். மணலை அள்ளி, கரையை மொட்டையடித்து, நிலத்தடி நீரையும் உறிஞ்சிய இடத்தில் அந்தப் புகலிடம் இல்லை. வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன்களும் கோடையில் குளிர்ந்த கிளையாறு கலக்கும் இடங்களில்தான் தங்கிப் போகின்றன. அங்கே அந்த இடங்களைக் காக்கத் தனித் திட்டமே வகுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. நல்லாற்றுத் தண்ணீர் சேரும் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மீன் இல்லாமல் மீன்கொத்தியும் நாரையும் அங்கே தங்காது.

ஊர்க்குளத்தில் செய்ய வேண்டியவை:

* வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெறுங்கள். அப்போது குளத்தை ஒரே மட்டமாக வழிக்காமல், ஒரு பக்கம் மட்டும் ஆள் மட்டத்துக்கு மேல் ஆழமாக விடச் சொல்லுங்கள். அடிச்சேற்றை எடுக்காவிட்டால் அந்த மடுவே மீனின் மூச்சை அடைத்துவிடும்.

* வரத்து வாய்க்கால் ஓரம் புங்கன், நாவல், நீர்மருது நடுங்கள். மண் கரையின் மேல் பெரிய மரம் வேண்டாம். வேர் வழியாகக் கரையில் கசிவு ஏற்படும்.

* தோட்டத்து மழைநீரைப் பண்ணைக்குட்டையில் நிறுத்துங்கள். நிலத்தில் இறங்கும் நீர்தான் பின்னர் ஊற்றாகக் குளிர்ச்சி தரும்.

* மீன் வாய் பிளந்தால் அன்று தீவனமும் சாணமும் போடாதீர்கள். மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலிருந்து பீய்ச்சி விடுங்கள்.

மீன் ஒதுங்கும் மடுவில் மாடு தண்ணீர் குடிக்கும். பக்கத்துக் கிணற்றிலும் ஊறும். கரையில் ஒரு புங்கனை வெட்டுமுன் அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.